மூன்று கால் எழுத்து

கண்ணக்கா ஸ்டூலின் மேல் ஏறி நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு ஆணி, கையில் சுத்தியல், இடுப்பில் அளவு நாடா. ஆள் அனுப்புகிறோம் என்று அலுவலகத்தில் சொல்லி மூன்று நாளாகிவிட்டது. ஆள் வரவில்லை, சுத்தியல்தான் வந்தது. வந்ததை வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பவள் அவள்.

துறைமுகத்தின் சரக்கு முற்றத்தில் மருத்துவ அறைக்குப் புது இடம் கொடுத்திருந்தார்கள். பழைய அறை தீப்பெட்டி மாதிரி இருந்தது. கண் பார்வையைச் சோதிக்க ஆறு மீட்டர் தூரம் வேண்டும். அங்கே இருந்ததோ மூன்று மீட்டர். அதனால் எழுத்து அட்டையை நாற்காலிக்குப் பின்னால், உட்காருகிறவரின் தலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு முகக்கண்ணாடி. அதற்குள் தெரிகிற அட்டையைத்தான் பார்க்க வேண்டும். போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு. சோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் மீசையைச் சரிசெய்துகொள்வார்கள். "மீசை நல்லாத்தான் இருக்கு, எழுத்தைப் பாரு" என்று கண்ணக்கா பதினான்கு வருடமாகச் சொல்லிவந்தாள்.

புது அறை நீளமானது. முன்பு கயிறும் தார்ப்பாயும் போட்டு வைத்த இடம். இன்னும் தார் வாசனை போகவில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எதிர்ச் சுவர் சரியாக ஆறு மீட்டர். இனி கண்ணாடி வேண்டாம். அட்டையை நேரே எதிரில் மாட்டிவிடலாம். அதைத்தான் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

அட்டையில் இருந்தது ஒரே ஓர் எழுத்து. ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்து, 'ஈ'. ஒரு முதுகெலும்பு, அதிலிருந்து நீளும் மூன்று கால். மேலே உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக ஒன்று. கீழே போகப் போகச் சிறிதாகிக்கொண்டே பல. ஒன்றுக்குக் கால்கள் வலப்பக்கம், ஒன்றுக்கு இடப்பக்கம், ஒன்று மல்லாந்து கிடக்கும், ஒன்று குப்புற விழுந்திருக்கும். இதைப் படிக்க வேண்டியதில்லை. கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று மூன்று விரலை நீட்டிக் காட்டினால் போதும். தெரியவில்லை என்றால் கையை மூடிக்கொள்ள வேண்டும்.

கண்ணக்கா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கணவர் போன பிறகு நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சிக்குப் போனாள். பத்து வருடம் ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றினாள், புண் கழுவினாள், கண் வார்டில் கட்டு அவிழ்த்தாள். ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டியும் கொடுத்தாள். முற்றத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே இருந்தது இருபத்தாறு எழுத்தும் கலந்த அட்டை. மூட்டை தூக்குகிற ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்து, வியர்த்து, கடைசியில் "தெரியலைங்க" என்றார். அவருக்குக் கண்ணில் கோளாறு இல்லை. எழுத்துத்தான் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, கண் தெரியாது என்று எழுதிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார். அதைக் கண்டுபிடித்தது கண்ணக்காதான். அடுத்த வாரமே டாக்டர் இந்த மூன்று கால் அட்டையைக் கொண்டுவந்தார்.

டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். "ஏன் டாக்டர், இருபத்தாறு எழுத்துல இந்த ஒண்ணுக்கு மட்டும் என்ன அப்படி யோகம்?" என்று அவள் அப்போது கேட்டாள்.

"எப்படித் திருப்பினாலும் அடையாளம் தெரியுது, அதனாலதான். ஆனா இங்கிலீஷ்ல அதிகமா வேலை செய்யுற எழுத்தும் இதுதான். சமையல்ல உப்பு மாதிரி, எதுல பாத்தாலும் இருக்கும். சில வார்த்தையில கடைசியில வந்து சும்மா உக்காந்துக்கும். அதுக்குன்னு சத்தம் கிடையாது. ஆனா அது வந்து உக்காந்ததும் முன்னாடி இருக்கிற எழுத்தோட சத்தம் மாறிடும். தண்ணி நிரப்புற டப்புன்னு சொல்றோமில்ல? அதோட வால்ல இதைச் சேத்தா ட்யூப்."

"புரிஞ்சுது. வாயே திறக்காம ஓரமா உக்காந்திருக்கிற மாமியார். அவ ஒண்ணும் பேசமாட்டா. முன்னாடி நிக்கிறவ குரல்தான் மாறிடும்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

போன புதன்கிழமை புது அறையைச் சரிபார்க்க டாக்டரே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது அட்டையைப் பிசின் நாடாவில் தற்காலிகமாக ஒட்டியிருந்தார்கள். கண்ணக்கா அவரைப் பார்த்தபடி குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அவர் விரலை நீட்டினார்.

"தப்பு டாக்டர். அது இடது."

"திரும்பிப் பாருங்கம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். வலதுதான். அடுத்ததும் அப்படியே. மேலே, கீழே என்பதில் பிசகில்லை. இடமும் வலமும் மட்டும் மாறியிருந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினான்கு வருடம் கண்ணாடிக்குள் பார்த்ததெல்லாம் பக்கம் மாறிய அட்டை. அதுதான் மனதில் உட்கார்ந்திருக்கிறது.

"உங்க கண்ணு லீவுல இருக்கு. ஞாபகம்தான் டியூட்டி பாக்குது" என்றார் டாக்டர்.

"வயசாச்சுன்னு நேரா சொல்லிடுங்களேன்" என்று அவளும் சிரித்துக்கொண்டாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு, வேலைநேரம் முடிந்து, வருடாந்தரக் கண் சோதனைக்குக் கிரேன்காரர் வந்தார். முற்றத்தில் மூத்த கிரேன்காரர் அவர்தான். இருபத்தெட்டு வருடமாக நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, லாரி அளவுப் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறவர். கண்ணக்காவுக்குச் சம்பந்தி. அவருடைய மகனுக்குத்தான் அவள் மகளைக் கொடுத்திருந்தாள். வேலையிடத்தில் சம்பந்தம் பேசினால் சரிவருமா என்று ஊர் கேட்டது. ஆறு வருடமாகச் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"என்ன சம்பந்தியம்மா, அரண்மனைக்குக் குடி வந்துட்டீங்க போல?"

"ஆமா, எலியும் கூடவே வந்திருக்கு. உக்காருங்க. இடது கண்ணை மூடிக்குங்க."

அவர் ஒரு கையால் கண்ணை மூடி, மறு கையைத் தயாராக நீட்டினார். பெரிய எழுத்தில் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சரியாகக் காட்டினார். இரண்டாவது வரி சரி. மூன்றாவது வரி, கழுத்தை நீட்டி, சரி. நான்காவது வரியில் அவர் தயங்கவே இல்லை. இடது, மேலே, வலது, வலது, கீழே. விரல்கள் பழகிய வேகத்தில் போய் வந்தன.

அட்டையில் இருந்தது வலது, மேலே, இடது, இடது, கீழே.

கண்ணக்காவின் குச்சி நின்றது.

"கொஞ்சம் மெதுவா போவோம். திரும்பக் காட்டுங்க."

திரும்பவும் அதேதான். ஐந்தாவது வரி, ஆறாவது வரி. மறு கண்ணுக்கும் அதே கதை. மேலும் கீழும் அச்சுப் பிசகாமல் சரி. இடமும் வலமும் அத்தனையும் மாற்றி. பார்வை மங்கினவன் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறுவான். இப்படி வரிசை பிசகாமல் தவறமாட்டான். இது பழைய அறைக் கண்ணாடிக்குள் இருந்த அட்டை. போன வாரம் அவள் வாயிலிருந்து வந்த அதே அட்டை. அவர் கண்ணால் பார்க்கவில்லை, மனப்பாடம் ஒப்பிக்கிறார்.

அட்டையை விட்டு வெறும் சுவரைத் தட்டிப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. தட்டினால் அதற்கும் விரலை நீட்டுவார். ஒரு மனுஷனை அப்படி நிறுத்துவது அவளுக்குப் பிடிக்கவில்லை. குச்சியை மேசையில் வைத்தாள்.

"சம்பந்தி, நீங்க காட்டுறது பழைய ரூம் அட்டை. கண்ணாடியில தெரிஞ்சது. இங்க கண்ணாடி இல்ல."

அவர் கண்ணை மூடியிருந்த கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறக்கினார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். பனி மாதிரி இருக்கு. டெஸ்டுக்கு வர்ற பசங்க வெளியே பெஞ்சில உக்காந்து கையைக் காட்டிக் காட்டிப் பழகுவாங்க இல்ல, அதைப் பாத்துப் பழகினது." பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "பெட்டி நல்லாத் தெரியுது. பெட்டி பெரிசு, உங்க எழுத்துதான் கடுகு மாதிரி. நான் என்ன மேல உக்காந்து பேப்பரா படிக்கிறேன்? கீழேருந்து ஒயர்லெஸ்ல சொல்றான், நான் இறக்குறேன்."

"கீழ நிக்கிறவன் தலை எவ்வளவு பெரிசு?"

 போன மாதம் அவர் இறக்கிய பெட்டி ஒன்று ஒரு முழம் தள்ளி இறங்கி ஒருவனுடைய சாப்பாட்டு டப்பாவைத் தகடாக்கியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தகடாகிப்போன டப்பாவைப் பதக்கம் மாதிரி அவனுக்கே மாட்டிவிட்டார்கள்.

"ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம்தான். அப்புறம் நானே இறங்கிடுவேன். எழுதாதீங்க. எழுதினா என்னைக் கேட்டுல உக்கார வெச்சு, போற வர லாரியை எண்ணச் சொல்லுவாங்க." நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்க பொண்ணு எங்க வீட்டுலதான் இருக்கா."

சொன்னதுமே அவர் முகம் சுருங்கிவிட்டது. மிரட்டலாகச் சொல்லவில்லை, ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

"எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும் சம்பந்தி. ஏறுற அட்டையைக் கொடுங்க."

கூண்டுக்கு ஏறும் அனுமதி அட்டை அவர் கழுத்தில் தொங்கியது. அது இல்லாமல் மின்தூக்கி திறக்காது. கழற்றிக் கொடுத்தார். அவள் இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

"நாளைக்குக் காலையில டாக்டர் வருவார். பதிவேட்டுல அப்பதான் ஏறும். அதுக்குள்ள வீட்டுல நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்லித் தெரியக்கூடாது."

வீட்டுக்கு வந்து அவள் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தபோது மகள் வந்துவிட்டாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை; ஒன்று வாசலிலும் ஒன்று நடையிலும் கிடந்தது.

"அம்மா, மாமா வந்ததுலேருந்து வாயைத் திறக்கலை. கழுத்துல கார்டும் இல்ல. நீதான் வாங்கி வெச்சிருக்கியா?"

"ஆமா. உங்க அத்தை என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அவருக்கு டீ வெச்சாங்க, பக்கத்துல உக்காந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." மகள் எதிரில் உட்கார்ந்தாள். "அவர் ரிட்டயராக இன்னும் ஒரே வருஷம்மா. நீ எழுதிட்டா நான் அந்த வீட்டுல எப்படி முகத்தைக் காட்டுறது? அவர் என்னை ஒரு நாள் ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னதில்ல. அதுக்காகவாவது விடு."

கண்ணக்கா பீன்ஸின் நாரை உரித்து ஓரமாகப் போட்டாள்.

"வீட்டுல எப்படி நடக்குறார்?"

மகள் ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தாள்.

"கேட்டேனே."

"படியை எண்ணிக்கிட்டு இறங்குவார்" என்றாள் மகள் மெதுவாக. "நான் வாசல்ல போய் நின்னா, பேசுற வரைக்கும் யாருன்னு தெரியாது. டீயை ஒரு தடவை டம்ளருக்கு வெளியே ஊத்திட்டார். நானே துடைச்சிட்டேன், அத்தை பாக்கலை. கடைசிப் படியில வெள்ளை டேப் ஒட்டி வெச்சிருக்கேன்."

"எப்ப ஒட்டினே?"

"போன வருஷம்."

"அப்படின்னா எனக்கு முன்னாடியே நீ டெஸ்ட் பண்ணிட்டே."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

"சொன்னா நீ எழுதிடுவே."

"எழுதத்தான் செய்வேன். வீட்டுப் படிக்கு டேப் ஒட்டினே, சரி. முற்றத்துல கீழ நிக்கிறவங்க தலைக்கு யார் டேப் ஒட்டுறது?" கண்ணக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அது புரையாத்தான் இருக்கும். பனி மாதிரின்னு சொன்னார். கண் வார்டுல தினமும் பத்துப் பேருக்குக் கட்டு அவிழ்த்திருக்கேன். முக்கால்வாசிப் பேர் எழுந்ததும் என் புடவை என்ன கலர்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. மீதிக் கால்வாசியும் உண்டு, இல்லைன்னு சொல்லமாட்டேன். திரும்பவும் மேல ஏறுவாரான்னு டாக்டர்தான் சொல்லணும்."

"அவருக்கு ஆபரேஷன்னாலே பயம்மா. கண்ணுல கத்தின்னு பேச்சு எடுத்தாலே எழுந்து போயிடுவார்."

"பயப்படட்டும். பயந்துக்கிட்டே வரட்டும். பயப்படாதவனை நான் அந்த வார்டுல பாத்ததே இல்ல. போய் உங்க அத்தைகிட்ட டேப் ஒட்டின கதையைச் சொல்லு. மீதியை அவங்க பாத்துப்பாங்க."

"நான் சொன்னா மறைச்சதுக்கு என்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும். மறைச்சே இல்ல?"

மகள் கிளம்பும்போது கண்ணக்கா நறுக்கிய பீன்ஸில் பாதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு கண்ணக்காவுக்குச் சமையலில் மனம் செல்லவில்லை. உப்பை இரண்டு தடவை போட்டாள். மகளுடைய வாழ்க்கை எப்படிப் போகும் என்ற கவலை ஒரு பக்கம். இன்னொரு கணக்கும் உறுத்தியது. இரண்டு வருடம், இரண்டு சோதனை. இரண்டிலும் 'பார்வை முழுமை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தது அவள்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் அறையைத் திறக்கப் போனபோது வெளியே பெஞ்சில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார். பெஞ்சின் மறு ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி.

"வாங்க சம்பந்தியம்மா" என்றாள் கண்ணக்கா. அந்த அம்மாள் தலையை மட்டும் அசைத்தாள்.

சம்பந்திதான் பேசினார். நேற்றைய குரல் இல்லை. கூண்டிலிருந்து இறங்கிவந்த குரல். "டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்? இன்னொரு தடவை பாத்துடலாம். ஒழுங்கா."

கண்ணக்கா ஒருமுறை பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தாள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் மாட்டிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் கடைசியில் வந்து உட்காரும் எழுத்தைப் பற்றி டாக்டர் பதினான்கு வருடத்துக்கு முன்னால் சொன்னது கண்ணக்காவுக்கு நினைவு வந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

டாக்டர் வந்ததும் சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணக்கா குச்சியை எடுத்தாள். முதல் வரி, மூன்று விரல். இரண்டாவது வரி, மூன்று விரல். மூன்றாவது வரியில் நேரம் எடுத்துக்கொண்டு, சரி. நான்காவது வரியின் முதல் எழுத்தைத் தொட்டாள். விரல்கள் தானாகவே இடப்பக்கம் கிளம்பின. பாதி வழியில் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மடங்கின.

மூடிய கை. பதினான்கு வருடத்தில் அவர் கையை மூடி அவள் பார்த்ததில்லை.

அடுத்த எழுத்துக்கும் மூடிய கை. அதற்கடுத்ததற்கும் அதேதான். ஒரு வரி முடிகிறவரை அவள் விடாமல் தொட்டாள். அவரும் விடாமல் மூடிக்கொண்டே வந்தார். மறு கண்ணும் அப்படியே.

டாக்டர் சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் புரை. நல்லா முத்தியிருக்கு. இதோட மேல ஏறியிருக்கீங்களே ஐயா! ஒவ்வொண்ணா எடுத்துடலாம். எடுத்த பிறகு மூணு மாசம் கழிச்சு இதே நாற்காலியில வந்து உக்காருங்க. அன்னிக்கு என்ன தெரியுதோ அதை வெச்சு முடிவு பண்ணலாம். இப்ப ஒண்ணும் வாக்குக் கொடுக்கமாட்டேன்."

"சரிங்க" என்றார் சம்பந்தி.

கண்ணக்கா பதிவேட்டில் எழுதினாள். மூன்றாம் வரி வரை. உயர வேலைக்குத் தகுதி இல்லை. அதன் கீழே இன்னொன்றும் எழுதினாள்: 'கடந்த இரண்டு வருடச் சோதனைகளும் நம்பத்தக்கவை அல்ல. அட்டையை மாற்றாமல் வைத்திருந்தது என் தவறு.' கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"மேலதிகாரி கூப்பிட்டுக் கேப்பாரும்மா."

"கேக்கட்டும். சொல்லிக்கிறேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி வாசலில் வந்து நின்றது. சம்பந்தி படியில் காலை வைத்துத் தடவினார். அவர் மனைவி முன்னால் இறங்கி, ஒன்றும் சொல்லாமல் தோளைக் காட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். வண்டியில் ஏறிய பிறகு அந்த அம்மாள் ஜன்னல் வழியாக முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"பீன்ஸ் முத்தல்."

"முத்தலாத்தான் கிடைச்சுது" என்றாள் கண்ணக்கா.

வண்டி போனது. கண்ணக்கா ஸ்டூலில் ஏறி அட்டையை ஆணியோடு பிடுங்கினாள். கடைசி வரிகளிலிருந்து அளவுக்கு ஒன்றாக எழுத்துகளை வெட்டி எடுத்தாள். பிஸ்கட் டின்களின் வட்ட மூடிகளைக் கொண்டுவந்து, நடுவில் துளை போட்டு, சுவரில் ஆணி அடித்து மாட்டி, ஆணித்தலை மறையும்படி ஒரு மூடிக்கு ஓர் எழுத்தாக ஒட்டினாள். விரலால் தள்ளினால் மூடி சுற்றியது; எழுத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் காலை நீட்டி நின்றது. மீதி பதின்மூன்று கிரேன்காரர்களையும் அன்றே திரும்பச் சோதிக்க டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு வெளியே பெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் எட்டிப் பார்த்தபோது ஐந்தாறு பேர் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் முணுமுணுத்தபடி, மூன்று விரலை இடமும் வலமும் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணக்கா ஒரு டின் மூடியை அவர்கள் முன்னால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"முதல்ல யாரு வர்றீங்க?"

விரல்களெல்லாம் அப்படியே நின்றன.